மேபல் அக்கா சொன்ன ஆமென்

சுங்கை பினாங்
2 டிசம்பர் 2025

கர்த்தருக்குள் அன்பான தங்கை தனுஜாவுக்கு,

ஸ்தோத்திரம். நீ சாமி கும்பிடுகிறவள், உனக்கு எதற்கு இந்த ஸ்தோத்திரம் என்று சிரிப்பாய். கடிதம் என்றால் எனக்கு இப்படித்தான் தொடங்கத் தெரியும், பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து உனக்குப் போன் போகவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரே ஒரு டிக். என் மருமகன் வாங்கிப் பார்த்துவிட்டு, "பிளாக் பண்ணிட்டாங்க லா அத்தே" என்றான். போடா, தனுஜாவாவது என்னை பிளாக் செய்வதாவது என்றேன். பாயான் பாரு ஃபேக்டரியில் ஒரே லைனில் பதினெட்டு வருடம் தோளோடு தோள் உட்கார்ந்து சிப் சோதித்தவர்கள் நாம். உனக்குப் பல்வலி வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. போன்தான் கெட்டுப்போயிருக்கும்.

வருகிற சனி, மாதத்தின் முதல் சனி. வழக்கம்போல் எங்கள் ஃப்ளாட் கீழே உன் கார் வருமா? ஷர்மினி வீட்டில் அரிசி முடியும் நேரம். அவள் புருஷன் ரூபனுக்குப் பால் மாவும் கடைசி டின்தான் இருக்கிறது. அவனுக்கு ஸ்ட்ரோக் வந்து லாரி ஓட்ட முடியாமல் போனதிலிருந்து இருபத்து மூன்று மாதம் உன் தங்கைக்குப் பை அனுப்பியிருக்கிறாய். ஒரு மாதம் தவறவில்லை. உன் பெயர் தெரிந்தால் தூக்கி வெளியே எறிவாள், சொல்லாதீர்கள் என்றாய். நானும் ஒரு வார்த்தை விடவில்லை. சபையிலிருந்து வருகிறது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிறு நன்றி ஆராதனை நல்லபடியாக முடிந்தது. ஷர்மினிகூட எழுந்து சாட்சி சொன்னாள். எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. யாரோ அதைப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்களாம். நீ பார்த்திருக்க மாட்டாய், உனக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது.

ஒரு வரி பதில் போடு.

அன்புடன்,
மேபல் அக்கா


பாயான் பாரு
4 டிசம்பர்

மேபல் அக்கா,

பார்த்தேன்.

திங்கட்கிழமை கேன்டீனில் ஹேமா போனை நீட்டினாள். "தனு, இது உன் தங்கச்சிதானே? உங்க வீட்டுல இன்னொரு அக்கா இருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை, நான் ஒருத்திதான் என்றேன். அதற்குமேல் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாசி லெமாக் சோற்றை மூடி வைத்துவிட்டு லைனுக்குப் போய்விட்டேன்.

மறந்திருப்பீர்கள், அதனால் ஷர்மினி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "எங்கப்பா செத்தப்போ அவர் வாயில ஒரு பிடி அரிசி போட என் கூடப் பொறந்தவ என்னை விடல. ஆனா ரெண்டு வருஷமா என் வீட்டு அரிசி டப்பா காலியாக என் ஆண்டவர் விடல. கூடப் பொறந்தவ கைவிட்டாலும் என் ஆண்டவர் கைவிட மாட்டார்." சபை ஆமென் என்கிறது. அதற்குப் பிறகு, "அந்த அரிசிய யார் கையில குடுத்து அனுப்புனார் தெரியுமா? நம்ம மேபல் அக்கா கையில." எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

நீங்கள் மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள். நான் தீபாவளிக்குக் கொடுத்த நீலச் சேலை. கைதட்டும்போது தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். அது எனக்குப் பெரிதில்லை. நன்றியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது வேண்டாம் என்றுதானே இரண்டு வருடமாகக் காருக்குள் ஒளிந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அதற்கு முன்னால், கூடப் பிறந்தவள் கைவிட்டாள் என்று அவள் சொன்னபோது, உங்கள் வாய் அசைகிறது அக்கா. நிறுத்தி நிறுத்திப் பத்து தடவை பார்த்தேன். நீங்களும் ஆமென் சொன்னீர்கள். அந்த மண்டபத்தில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

போன் கெடவில்லை. நான்தான் பிளாக் செய்தேன். குரலைக் கேட்டால் நீங்கள் அழுவீர்கள், நான் இளகிவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

தனுஜா


சுங்கை பினாங்
8 டிசம்பர்

தனுஜாவுக்கு,

உன் கடிதம் படித்து இரண்டு நாள் இரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தேன். இப்படியா எழுதுவது? உன்னைவிடப் பத்து வயது மூத்தவள் நான்.

கேட்கிறேன், பதில் சொல். என்னிடம் சத்தியம் வாங்கியது யார்? "என் பேர் வந்துச்சு, அப்புறம் இந்த உறவே வேணாம் அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது யார்? நடு ஆராதனையில் நான் எழுந்து, இல்லையம்மா, இந்த அரிசி உன் அக்கா தனுஜா கொடுத்தது என்று கத்தியிருக்க வேண்டுமா? ஆமென் என்பது வாயில் தானாக வருவது. மற்றவர்கள் சொல்லும்போது நமக்கும் வந்துவிடும். முக்கால்வாசி நேரம் எதற்குச் சொல்கிறோம் என்றே தெரியாது.

இருபத்து மூன்று மாதம் பத்துக் கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிளாக்கின் கெட்டுப்போன லிஃப்டோடு மாரடித்தவள் நான். என் முழங்காலைக் கேட்டுப் பார். அதற்கு ஒரு நன்றிகூட என் பக்கம் வரக்கூடாதா?

சனிக்கிழமை நீ எனக்காகக் காத்திருக்கவில்லை. பையைக் கீழே காவலாளி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாயாம். இவ்வளவு கோபத்திலும் பை வந்துவிட்டதே என்று எனக்கு என்னவோ போலாகிவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஷர்மினி என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் நடு மெழுகுவர்த்தியை ஏற்ற எங்கள் சபை ஐயர் என்னைக் கேட்டிருக்கிறார். கொடுக்கிற கரத்துக்கு உதாரணம் என்று என்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசப்போகிறாராம். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அன்றைக்கே மைக்கைப் பிடித்து, முழுச் சபைக்கும் முன்னால் எல்லாவற்றையும் அறிக்கை செய்துவிடுகிறேன். உன் பெயரையும் சொல்லிவிடுகிறேன். அப்போதாவது உன் மனம் ஆறுமா?

மேபல்


பாயான் பாரு
11 டிசம்பர்

மேபல் அக்கா,

வேண்டாம். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம்.

நடக்கப்போவதை நான் இப்போதே சொல்கிறேன். நீங்கள் மைக்கில் அழுவீர்கள். சபை உங்களோடு சேர்ந்து அழும். எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று ஐயர் உங்களைக் கட்டிக்கொள்வார். அடுத்த வாரம் அதுவும் பேஸ்புக்கில் வரும், ஹேமா அதையும் கொண்டுவந்து காட்டுவாள். ஷர்மினி அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு வருடமாகச் சாப்பிட்டது யார் வீட்டுச் சோறு என்று ஐந்நூறு பேரோடு சேர்ந்து தெரிந்துகொள்வாள். அவளுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்ள முடியும்? உங்களுக்கு இன்னொரு சாட்சி கிடைக்கும், அவளுக்கு அவமானம் கிடைக்கும்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. நான் என்ன உத்தமியா? அப்பா நடுவீட்டில் கிடக்கிறார். ஷர்மினி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் ஒன்றும் இல்லாமல் வந்து நின்று அரிசிக்குக் கை நீட்டினாள். அத்தனை பேர் முன்னால், "நீ கோயில் மாறிப் போனவ, தள்ளி நில்லு" என்றேன். ரூபன்தான் அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். எனக்கு அப்போது அது நியாயமாக இருந்தது. சாம்பலைக் கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் செய்தது என்னவென்று உறைத்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்கத் துணிச்சல் இல்லை. பிறகு ரூபன் விழுந்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். பையைக் கொடுத்து அனுப்பினேன். சுலபமாக இருந்தது.

அதனால் சொல்லுங்கள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, சொல்லாதீர்கள் என்றும் முடியவில்லை. சொல்வதானால் ஒன்று மட்டும். அவள் வீட்டு அடுப்படியில் சொல்லுங்கள். மைக் இல்லாமல், ஐயர் இல்லாமல்.

தனுஜா


சுங்கை பினாங்
16 டிசம்பர்

தனுஜா,

வெள்ளிக்கிழமை ஷர்மினி வீட்டு வாசல்வரை போனேன். கிரில் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன், உள்ளே ரூபனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். கதவைத் திறந்து, "வாங்க அக்கா" என்று அவள் சிரித்ததும், கேரல் குழு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுவிட்டு வந்தேன். அவ்வளவுதான் என் தைரியம்.

போன கடிதத்தில் உனக்குப் பொய் எழுதினேன். ஆமென் தானாக வரவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். கூடப் பிறந்த நீ கைவிட்டாய் என்று அவள் சொன்ன உடனே, அடுத்தது என் பெயர்தான் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கெட்டவளாக இருந்தால் நான் இன்னும் நல்லவளாகத் தெரிவேன் என்று ஒரு நொடிக்குள் கணக்குப் போட்டேன் தனுஜா. அந்த ஒரு நொடியைத்தான் பத்து நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வீடியோ தேவையில்லை.

இன்னும் இருக்கிறது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். உன் சாதா பிளாஸ்டிக் பையை நான் அப்படியே கொடுத்ததில்லை. வீட்டில் பிரித்து, ரிப்பன் கட்டிய பையில் மாற்றி, என் கையெழுத்தில் வசனம் எழுதிய அட்டை வைத்துத்தான் கொடுப்பேன். சபையிலிருந்து வருகிறது என்று அவள் நினைப்பதாக உனக்கு எழுதியதும் பொய். அட்டையின் அடியில் "மேபல்" என்று போட்டது நான்தான். சாமான் எல்லாம் உன்னுடையது. என் வீட்டிலிருந்து ஒரு உப்புப் பொட்டலம்கூட அதில் நான் சேர்த்ததில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு நீ ஒரு நீல பிஸ்கட் டின் வைத்திருந்தாயே, அது ஷர்மினி வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டுக்குக் கேரல் குழு வந்தபோது தட்டில் வைக்க ஒன்றும் இல்லை. திறந்துவிட்டேன். டின்னில் இப்போது நூல் உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். ஏழையிடமிருந்து எடுத்து ஆண்டவர் பிறந்தநாள் கொண்டாடியவள் நான். உலகத்தில் யாருக்காவது இப்படி ஒரு கேவலம் நடக்குமா?

ஜெபம் செய்ய உட்கார்ந்தால் ஸ்தோத்திரம் என்ற வார்த்தையே வர மாட்டேன் என்கிறது. நான் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்ததாக இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஜனங்கள் அவருக்குச் சொன்ன நன்றியைக்கூட நடுவில் உட்கார்ந்து நான் வாங்கித் தின்றிருக்கிறேன். முழங்கால் போட்டுக்கொண்டு, வெட்கமாக இருக்கிறது ஆண்டவரே என்று மட்டும் சொல்கிறேன். வேறு ஜெபம் இல்லை.

மேபல்


பாயான் பாரு
18 டிசம்பர்

அக்கா,

பிஸ்கட் டின் விஷயத்தைப் படித்துவிட்டு, கோபத்திலேயே சிரித்துவிட்டேன். பாவம் என்றால் ஒரு பெரிய பாவமாகச் செய்யக்கூடாதா?

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தீரவில்லை. ஆனால் அந்த ஒரு நொடியை நீங்களே எழுதினீர்கள் பாருங்கள், அதை நான் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை.

போய்ச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது தடவையும் கேரலுக்கு நேரம் கேட்டுவிட்டு வராதீர்கள்.

தனுஜா


சுங்கை பினாங்
22 டிசம்பர்

தனுஜா,

சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஜெலுத்தோங் பசாருக்குப் போகிற மாதிரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் பேச்சு மாறிவிடும் என்று நின்றுகொண்டே சொன்னேன். அரிசி, பால் மாவு, ரூபனுக்கு வாங்கிய சக்கர நாற்காலி, ஒன்றும் என்னுடையது இல்லை, சபையுடையதும் இல்லை, எல்லாம் உன் அக்கா கொடுத்தது என்றேன். அட்டை, டின், ஆமென் எல்லாம் சொன்னேன். அழவில்லை. அழக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் அச்சை எண்ணெயில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். முறுக்கு கருகி வாசம் வந்தது. முன்னறையிலிருந்து ரூபன்தான், "அடுப்ப... அடுப்ப அணை" என்று குழறினான். பாவம், அவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த அரிசிய உலையில போடுறப்பல்லாம் ஜெபம் பண்ணுவேன் அக்கா. என்ன ஜெபம் தெரியுமா? என்னை வெளிய தள்ளுனவ திமிர உடைங்க ஆண்டவரேன்னு. அவ அரிசிய வச்சுக்கிட்டே அவளுக்கு எதிரா ஜெபம் பண்ணியிருக்கேன்" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவளை அந்த ஜெபம் செய்ய வைத்ததும் நான்தானே.

பிறகு நீ கேட்ட கேள்வியையே கேட்டாள். "தெரிஞ்சுக்கிட்டே ஏன் அக்கா ஆமென் சொன்னீங்க?" என்றாள். எனக்குப் பிடித்திருந்தது, அதனால்தான் என்றேன். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

கிளம்பும்போது கிரில் வரை வந்தாள். என் கையைத் தொடவில்லை. "அவளையே வரச் சொல்லுங்க. பை ஒண்ணும் வேணாம். அவகிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க கூட வர வேணாம்" என்றாள். அதுதான் சேதி. இதற்குமேல் உங்கள் இருவருக்கும் நடுவில் என் காலை வைக்க மாட்டேன்.

ஐயரிடம் போய், மெழுகுவர்த்தியை வேறு யாரையாவது ஏற்றச் சொல்லுங்கள், நான் அதற்குத் தகுதியில்லை என்றேன். தாழ்மையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அதனால் அவருக்கும் உட்கார்ந்து முழுதும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் சிரிப்பு நின்றதைப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்குப் போவேன், கடைசி வரிசையில் இருப்பேன்.

நீ போ தனுஜா. பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

மேபல்


பாயான் பாரு
27 டிசம்பர்

மேபல் அக்கா,

நேற்று லீவு போட்டுவிட்டுப் போனேன். உங்கள் எண்ணுக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டேன். உடனே கூப்பிடாதீர்கள், இதை எழுதி முடித்தால்தான் எனக்குப் பேச வரும்.

கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கிறிஸ்துமஸ் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எவ்வளவு கஷ்டம் என்று நேற்றுத்தான் தெரிந்தது. லிஃப்டுக்குள் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பை இருந்தால் அதன் பின்னால் நின்றுகொள்ளலாம்.

ஷர்மினி கிரில்லைத் திறக்கவில்லை. உள்ளே நின்று பார்த்தாள். இளைத்துவிட்டாள் அக்கா. நான் மன்னிச்சிரு என்று ஆரம்பித்தேன். அதைக் காதில் வாங்கவே இல்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், உண்மைய சொல்லு. அப்பா கடைசில என்னைக் கேட்டாரா?" என்றாள்.

உங்களிடம்கூட இதை நான் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அரிசி போட விடாதது ஊருக்குத் தெரிந்த பாவம். இது எனக்கு மட்டும் தெரிந்தது. இல்லை, கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள்கூட அதை நம்பியிருப்பாள், எனக்கும் ஒரு கெட்ட பெயர் குறைந்திருக்கும். அந்த ஒரு நொடியில்தான் உங்கள் ஆமென் எனக்குப் புரிந்தது அக்கா. உங்களை நான் எவ்வளவு சுலபமாகத் திட்டிவிட்டேன்.

சொல்லிவிட்டேன். "கேட்டார். ஆஸ்பத்திரில நாலு நாளும் கேட்டார். சின்னவ வந்துட்டாளா, சின்னவ வந்துட்டாளான்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்தார். வர்றா, வழியில இருக்கான்னு அவர்கிட்ட பொய் சொன்னேன். உன்னை நான் கூப்பிடவே இல்ல. எல்லாத்தையும் விட்டுட்டுப் போனவளுக்குக் கடைசி நேரத்துல அப்பா மட்டும் எதுக்குன்னு இருந்துச்சு" என்றேன்.

உள்ளே போய்விட்டாள். நான் வராந்தாவிலேயே நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். ரூபன் சக்கர நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. இறங்கிப் போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போது கிரில் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. என்னைத் தொடவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து என் முன்னால் போட்டாள்.

"உக்காரு. அந்த நாலு நாளும் என்னென்ன கேட்டார், ஒண்ணு விடாம சொல்லு" என்றாள்.

சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தனுஜா